எண்ணிக்கைக்குள் வராத வேலை

மென்பொருள் வந்த நாளில் எங்கள் பிரிவில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அடுத்த ஆண்டும் போகவில்லை. ஆட்குறைப்புப் பட்டியல் வெளியானபோது மென்பொருள் பழங்கதையாகியிருந்தது. கடிதத்தில் ‘செலவுச் சீரமைப்பு’ என்றுதான் இருந்தது. ஆகவே இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னோடு வேலை பார்த்த சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மென்பொருள் எங்கள் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது என்பதைவிட, எங்கள் வேலை முழுவதையும் எண்ணத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். எண்ண முடிந்ததை வெட்டுவது எளிது. அதுவும் எங்கள் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களுக்கு மிக எளிது.

நான் இருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், அக்கவுண்ட்ஸ் பேயபிள் பக்கம். சரக்கோ சேவையோ தந்த வெண்டர்கள் அனுப்பும் இன்வாய்ஸைச் சரிபார்த்து, பணம் போக வழி செய்வது வேலை. மூன்று காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும்: நாங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கான கிடங்கு ரசீது, அவர்கள் அனுப்பிய இன்வாய்ஸ். அளவும் விலையும் வரியும் பொருந்தினால் பணம் போகும். பொருந்தாவிட்டால்தான் எங்களுக்கு வேலையே.

முதலில் வந்தது ஸ்கேன் செய்த இன்வாய்ஸைப் படிக்கும் ஓசிஆர். பிறகு, படித்ததை ஈஆர்பியில், அதாவது நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், கிடங்கு எல்லாம் சேர்ந்த மென்பொருளில், தானே பதிவு செய்யும் பாட் (bot) என்ற தானியங்கி நிரல். கூடவே ஒரு டிக்கெட் முறை. அதற்கு முன் யார் எத்தனை இன்வாய்ஸ் முடித்தார்கள் என்று துல்லியமாக யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கு மூடினால் சரி. இப்போது ஒவ்வொரு இன்வாய்ஸும் ஒரு டிக்கெட். எப்போது திறந்தது, எப்போது மூடியது, யார் கையில் எவ்வளவு நேரம் கிடந்தது என எல்லாம் டேஷ்போர்டில் பச்சை, மஞ்சள், சிவப்பாக.

பாட் எடுத்துக்கொண்டது சுத்தமான இன்வாய்ஸ்களை. பெரிய வெண்டர்கள் மின்னணு வடிவில் அனுப்புபவை, மூன்று காகிதமும் பொருந்துபவை. மனிதக் கை படாமலே அவை போய்விடும். எங்களிடம் வந்து சேர்ந்தது மிச்சம். பாதிச் சரக்கு வந்திருக்க முழுத் தொகைக்கும் வந்த பில், ஆர்டர் டஜன் கணக்கிலும் பில் எண்ணிக்கைக் கணக்கிலும் இருப்பது, மூடிவிட்ட பர்ச்சேஸ் ஆர்டரின் எண்ணைப் போட்டு வந்தது, பேனாவால் அடித்துத் திருத்தியது, வரி விகிதம் மாறிய தேதிக்கு முன்னும் பின்னுமாகச் சரக்கு வந்தது. இதில் ஒன்றைத் தீர்க்கக் கிடங்குக்கு ஒரு போன், கொள்முதல் பிரிவுக்கு இரண்டு மின்னஞ்சல், வெண்டரோடு ஒரு வாக்குவாதம் தேவைப்படும். சிலது நாள் முழுக்க இழுக்கும்.

டேஷ்போர்டில் இது எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் டிக்கெட் எண்ணிக்கை சரிந்தது. ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் சராசரி நேரம் ஏறியது. கேள்வித்தாளிலிருந்து சுலபமான கேள்விகளையெல்லாம் உருவிவிட்டு, இந்த வருஷ மார்க்கைப் போன வருஷ மார்க்கோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் மக்காகிவிட்ட மாதிரிதான் தெரியும். எங்களுக்கும் அதே கதி. நாங்கள் முன்பைவிடக் கடுமையாக உழைத்தோம். திரையில் முன்பைவிடச் சோம்பேறிகளாகத் தெரிந்தோம்.

எங்கள் மேலாளருக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் அவர் மேலே அனுப்ப வேண்டிய ஸ்லைடில் இடமிருந்தது இரண்டு கோடுகளுக்குத்தான். தானியங்கி முடிக்கும் சதவீதம் ஏறுகிறது. ஆள் முடிக்கும் எண்ணிக்கை இறங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்தால் ஆள் குறைந்தே தீரும் என்பது விதி அல்ல. அமெரிக்க வங்கிகளின் ஏடிஎம் கதையைப் பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் விரிவாக எழுதியிருக்கிறார். 1988-க்கும் 2004-க்கும் இடையே ஒரு நகரக் கிளைக்குத் தேவைப்பட்ட காசாளர்கள் சுமார் 20-லிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டின. மொத்தக் காசாளர் எண்ணிக்கை அந்தக் காலத்தில் சரியவில்லை. கைபேசியிலேயே வங்கி வந்த பிறகு அந்தக் கணக்கும் மாறிவிட்டது என்பது வேறு. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு நடைமுறை விஷயம்: இயந்திரம் மிச்சப்படுத்திய பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். தொழில் விரிகிறது, புதிய கிளை, புதிய வாடிக்கையாளர் என்றால் ஆட்களை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். விற்பனை தேங்கிய நேரத்தில் இயந்திரம் வந்தால் மிச்சமாவது ஆளாகத்தான் இருக்கும். எங்கள் நிறுவனத்தில் விற்பனை தேங்கியிருந்தது. காலாண்டு முடிவுகள் எல்லாரும் பார்க்கும்படிதான் வெளியாகின. அதைப் படிக்கும் பழக்கம்தான் எங்களில் பலருக்கு இல்லை.

முதல் சுற்றில் என் பெயர் இல்லை. எங்களிடம் வெண்டர் சச்சரவுகளையெல்லாம் பார்த்துவந்த ஓர் அக்காவின் பெயர் இருந்தது. பணியில் மூத்தவர், அதனால் சம்பளம் அதிகம். டிக்கெட் எண்ணிக்கை குறைவு, ஏனென்றால் நாங்கள் தீர்க்க முடியாததையெல்லாம் அவர் மேசைக்குத்தான் தள்ளுவோம். பட்டியல் தயாரித்தவர்களின் எக்செல்லில் இந்த இரண்டு எண்களும் இருந்தன. காரணங்களுக்குக் கட்டம் இல்லை.

கிளம்பும் முன் எனக்குக் கேடி (KT), அதாவது தனக்குத் தெரிந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பது, கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். “கேடி குடுன்னா எதப்பா குடுக்கறது? எந்த வெண்டர் எப்ப பொய் சொல்வான்னு எழுதிக் குடுக்கவா?” என்று சிரித்தார். பிறகு உட்கார்ந்து அதையே எழுதித்தான் கொடுத்தார். இந்த வெண்டர் லாரி வாடகையைத் தனி பில்லாகப் போடுவார். அதற்கு ஆர்டர் இருக்காது, தேடாதே. அந்த வெண்டர் பணம் தாமதமானால் அதே பில்லை எண்ணின் நடுவே ஒரு கோடு சேர்த்து மறுபடி அனுப்புவார். இயந்திரம் அதைப் புதுசு என்று நினைக்கும். இப்படிப் பக்கம் பக்கமாக. இதில் ஒரு வரிகூட எந்த டிக்கெட்டிலும் பதிவானதில்லை.

அடுத்த சில மாதங்கள் எங்களுக்குக் கெட்ட காலம். வேலை மிஞ்சியவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கென்ன, சம்பளம் வருகிறதே என்பார்கள். உண்மையில் அங்கே நடப்பது வேறு. யாரும் விடுப்பு எடுக்க மாட்டார்கள். யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள், தெரியாது என்று காட்டிக்கொள்வது ஆபத்து என்று. சிக்கலான டிக்கெட்டைத் தொட்டால் சராசரி நேரம் ஏறும் என்பதால் அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். அவர் மூன்றாவது ஆளுக்கு. எல்லாருடைய நிறமும் பச்சை, இன்வாய்ஸ் மட்டும் அப்படியே கிடக்கும். கோடு சேர்த்து வந்த பில்களுக்கு இருமுறை பணம் போனது. பணம் வராத சின்ன வெண்டர்கள் சரக்கை நிறுத்தினார்கள். உற்பத்திப் பிரிவிலிருந்து கத்தல் வந்தது. கடைசியில் போனவர்களில் சிலரை ஒப்பந்த அடிப்படையில் திரும்ப அழைத்தார்கள். அக்காவையும் அழைத்தார்கள். அவர் மணிக் கணக்கில் கூலி பேசி, வாரத்தில் சில நாள் மட்டும் வருவதாகச் சொன்னார். அவரைப் போல் பேரம் பேசத் தெம்பு எல்லாருக்கும் இருக்காது.

இது எங்கள் நிறுவனத்தின் தனிப் புத்தி என்று நினைத்திருந்தேன். 2024 பிப்ரவரியில் ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 முழுநேர வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்குச் சமமான வேலையைச் செய்கிறது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அதன் தலைமை நிர்வாகி, செலவில் அதிகக் கவனம் வைத்ததில் தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு மறுபடி மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார். கேட்டபோது எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இதை வைத்து ‘எப்படியும் நம்மைத் திரும்பக் கூப்பிடுவார்கள்’ என்று ஆறுதல்பட வேண்டாம். கூப்பிடுவது வேலையைத்தான். அதே ஆளை, அதே சம்பளத்தில், அதே நிரந்தரத்தோடு கூப்பிடுவது அபூர்வம்.

இரண்டாம் சுற்றில் நான் போனேன். அதற்குள் ஓரளவு தயாராக இருந்தேன். முதல் சுற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் வந்த தயார்நிலை. அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையில் வராத வேலையை நீங்களே எழுதி வையுங்கள். வாரக் கடைசியில் பத்து நிமிடம் போதும். எந்தச் சிக்கல் வந்தது, என்ன செய்தீர்கள், செய்யாவிட்டால் எவ்வளவு இழப்பு. ‘இருமுறை போகவிருந்த தொகையை நிறுத்தினேன்’ என்பது ‘நிறைய டிக்கெட் முடித்தேன்’ என்பதைவிட வலுவானது. அதில் மாதத்துக்கு ஒன்றை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், பெருமையாக அல்ல, தகவலாக. அவர் மேலே பேச வேண்டிய இடத்தில் அவருக்கும் ஓர் ஆயுதம் வேண்டும்.

இதில் ஒரு முள் இருப்பது எனக்குத் தெரியும். எழுதி வைத்தால் அதையே எடுத்து அடுத்து வரும் பாட் நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பார்களே? கொடுப்பார்கள். அக்கா எழுதிக் கொடுத்ததில் பாதி பிறகு மென்பொருளில் விதிகளாகவே ஏறியது. ஆனாலும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். தெரிந்ததைப் பூட்டி வைத்தால் வேலை தங்கும் என்று இருந்தவர்களையும் பார்த்தேன். பட்டியல் போடுபவர்களுக்கு யாருக்கு என்ன தெரியும் என்பதே தெரியாது என்பதால் அந்தப் பூட்டு யாரையும் காப்பாற்றவில்லை. எழுதி வைத்தது அடுத்த வேலைக்கான நேர்முகத்திலாவது உதவியது. நிறுவனத்தின் தரவையும் வெண்டர் விவரங்களையும் அதில் கலக்காதீர்கள். உங்கள் செயல் மட்டும் போதும்.

உங்களுக்கே உரிய காகிதங்களை வேலையில் இருக்கும்போதே வெளியே எடுத்து வையுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பதவி உயர்வுக் கடிதங்கள், வருட மதிப்பீடுகள், விடுப்பு இருப்பு, காப்பீட்டு விவரம். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது பலர் கணினிக்குள் நுழைய முடியாமல் போனதை வைத்துத்தான் தங்கள் வேலை போனதையே தெரிந்துகொண்டார்கள். எங்கள் இடத்தில் அவ்வளவு கொடுமை இல்லை என்றாலும், ஹெச்ஆர் அறையிலிருந்து நான் மேசைக்குத் திரும்புவதற்குள் கடவுச்சொல் செத்துவிட்டது. தனிப்பட்ட போன் எண்களை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

கையெழுத்தை அன்றைக்கே போடாதீர்கள். அந்த அறையில் எல்லாமே அவசரம் போல நடக்கும், எதிரே இருப்பவருக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும். “வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் கவனித்துப் படித்தவை சில. கடிதம் ராஜினாமா என்கிறதா, பணிநீக்கம் என்கிறதா? பல இடங்களில் ராஜினாமா செய்யச் சொல்வது மரியாதை காப்பாற்றுவது போல வரும். வேலையிழப்புக் காப்பீடோ சட்டப்படியான ஈட்டுத்தொகையோ உள்ள நாட்டில் அந்த ஒரு சொல் பெரிய தொகையைத் தின்றுவிடும். நோட்டீஸ் காலத்துக்கு உண்டான சம்பளம் தனியாக இருக்கிறதா, ஈட்டுத்தொகைக்குள் சேர்த்துவிட்டார்களா? எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா? மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது? போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா? அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆள் குறைத்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வேறு நாடுகளில் வேறு விதிகள். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆகும் கட்டணம் வீண் போகாது. என் விஷயத்தில் விடுப்புக் கணக்கில் விட்டுப்போனது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பணத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சுருக்கமாக. வந்த தொகையை வைத்துக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடும் ஆசை வரும். கையில் சில மாதச் செலவுக்கு இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

நேரத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஆலைக் கிராமம். அங்கே ஜவுளி ஆலை மூடியதும் ஏறத்தாழ ஊரே வேலையில்லாமல் ஆனது. 1930-களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அந்த ஊரை ஆராய்ந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் நடக்கும் ஆண்களின் வேகத்தை ஜன்னலோரம் நின்று கடிகாரம் வைத்துப் பார்த்தால், அவர்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. வேலை போன புதிதில் இதைப் படித்தேன். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்தும் அது என்னைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது. விண்ணப்பம் அனுப்புவதை ஒரு நாளில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடைத்துவிட்டு, அதன் பிறகு வெளியே போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். பழைய சகாக்கள் சிலரோடு வாரம் ஒருமுறை பேசினோம். வேலை கிடைத்ததா என்று கேட்பதில்லை என்று ஒப்பந்தம். யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

வேலையில் மிஞ்சியவர்களுக்கு ஒரு வார்த்தை: போனவருக்குப் போன் செய்யுங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலரும் செய்வதில்லை. எனக்கு வந்த அழைப்புகளில் பயன்பட்டவை ஆறுதல் சொன்னவை அல்ல, “உங்களைப் பற்றி ஒரு பரிந்துரை எழுதித் தரட்டுமா?” என்று கேட்டவை.

அடுத்த சம்பளம். ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்து வேலையிழந்த அமெரிக்கப் பென்சில்வேனியா ஊழியர்களைப் பற்றி ஜேக்கப்சன், லாலோண்ட், சல்லிவன் மூவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்பெற்றது. வேலை போய்ச் சில ஆண்டுகள் கழித்தும் அவர்களின் வருமானம், போகாமலிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடச் சுமார் கால் பங்கு குறைவாகவே நின்றது. எனக்கு இது பயமுறுத்தலாக இல்லை, ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. குறைந்த சம்பளத்துக்கு அழைப்பு வரும்போது ‘என் தகுதி இவ்வளவுதானா’ என்று குமைந்துகொண்டிருந்தேன். நீண்ட காலம் ஓரிடத்தில் சேர்த்த அறிவில் பெரும்பகுதி அந்த இடத்துக்கு மட்டுமே செல்லும் என்பதும், சந்தை அதற்கு விலை போடாது என்பதும் புரிந்தபின் பேரம் பேசும்போது குரல் நடுங்கவில்லை. வெளியேயும் செல்லக்கூடிய பகுதி எது என்று பிரித்துப் பார்த்தேன். அந்த ஈஆர்பியின் திரைகள் எனக்கு மனப்பாடம் என்பதற்கு மதிப்பில்லை. பொருந்தாத காகிதங்களில் பொய் எது, தவறு எது என்று கண்டுபிடிக்கத் தெரியும் என்பதற்கு இருந்தது.

நேர்முகங்களில் இரண்டு கேள்விகளை நானும் கேட்டேன். இந்த வேலையில் இப்போது எந்தப் பகுதியை மென்பொருள் செய்கிறது? மிச்சத்தைச் செய்யும் ஆட்களை எதை வைத்து அளக்கிறீர்கள்? சில இடங்களில் முதல் கேள்விக்குப் பெருமையாக ஒரு சதவீதம் சொன்னார்கள், இரண்டாவதற்கு “ஒரு ஆளுக்கு இத்தனை” என்றார்கள். அங்கே அடுத்த கட்டம் எனக்குத் தெரியும். ஓரிடத்தில் மட்டும், தானியங்கி விட்டுவைத்த இன்வாய்ஸ்களைச் சிக்கலுக்குத் தக்கபடி மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் வகையில் தீர்க்கப்படாமல் எத்தனை நிற்கின்றன என்பதையும் மறைக்காமல் காட்டினார்கள். சம்பளம் பழையதைவிடக் குறைவுதான். அங்கேதான் சேர்ந்தேன்.